ஸ்கூபா டைவிங்: அந்த ஃபார்மில் எல்லாத்துக்கும் ‘இல்லை’னு டிக் அடிச்சீங்களா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவு. காலை ஆறரை மணி. டைவ் சென்டர் பெஞ்சில் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். ஆஸ்துமா உண்டா, இதயப் பிரச்னை உண்டா, மயக்கம் போட்டு விழுந்திருக்கிறீர்களா, தினமும் மாத்திரை எடுக்கிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ கட்டங்கள். கடந்த ஒரு வருஷத்தில் அடிக்கடி சைனஸ் தொல்லை வந்ததா என்று ஒரு கேள்வி. எனக்கு வந்தது. மூன்று முறை.

பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சித்தப்பா பொண்ணு என் ஃபார்மை எட்டிப் பார்த்தாள். “ஆம்னு போட்டா டாக்டர் கையெழுத்து கேப்பாங்களாம். இந்தத் தீவுல டாக்டருக்கு எங்க போறது? காசு வேற கட்டியாச்சு. பேசாம இல்லைனு போடுக்கா.”

போட்டேன். எல்லாத்துக்கும் ‘இல்லை’. மொத்தமா ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில் இடது காதில் ஊசி குத்துவது போல வலி ஆரம்பித்தது. இன்ஸ்ட்ரக்டர் திரும்பி, ‘ஓகேவா?’ என்று சைகையில் கேட்டார். கேமரா என் பக்கம் இருந்தது. நானும் ‘ஓகே’ என்று காட்டினேன். அந்த வீடியோ என் இன்ஸ்டாகிராமில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு காரைக்குடியில் இஎன்டி டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததும், இரண்டு வாரம் இடது காது அடைத்துக் கிடந்ததும் அதில் இல்லை.

பெரிய ஆபத்து எதுவும் நடக்கவில்லை. ஆனால் அன்றைக்கு நான் இரண்டு பொய் சொன்னேன். ஒன்று கரையில், பேனாவால். இன்னொன்று தண்ணீருக்கடியில், விரலால். ஸ்கூபா பாதுகாப்பு என்றதும் நாம் சிலிண்டர், மாஸ்க், லைசென்ஸ் பற்றித்தான் பேசுகிறோம். நாம் சொல்லும் பொய்யைப் பற்றியும் பேச வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஸ்கூபா அவ்வளவு ஆபத்தா?

2025 செப்டம்பர் 19 அன்று அசாம் பாடகர் ஜுபீன் கார்க் சிங்கப்பூரில் இறந்தபோது, ‘ஸ்கூபா டைவிங்கில் மரணம்’ என்றுதான் முதலில் நாடு முழுக்கச் செய்தி ஓடியது. பிறகுதான் அது ஸ்கூபா அல்ல, கடலில் நீந்தும்போது மூழ்கியது என்று தெரிந்தது. அந்த மரணத்துக்கு யார் பொறுப்பு என்பது விசாரணை அமைப்புகளும் நீதிமன்றங்களும் சொல்ல வேண்டியது. நான் கவனித்தது வேறு. ‘ஸ்கூபா’ என்ற வார்த்தையைக் கேட்டதுமே பலருக்கும் அது நம்பும்படி இருந்தது. சிலிண்டர் பழுதாகியிருக்கும், காற்று வராமல் போயிருக்கும் என்று மனசு தானாகவே கதை கட்டிவிடுகிறது.

உண்மையில் டைவிங் மரணங்களை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு மாதிரி. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள், 1992 முதல் 2003 வரை நடந்த 947 பொழுதுபோக்கு ஸ்கூபா மரணங்களை எடுத்துப் பார்த்தார்கள். பிரச்னை எதில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடிந்தவற்றில், 41 சதவீதம் காற்று போதாமல் போனதில் தொடங்கியிருக்கிறது. உபகரணக் கோளாறில் தொடங்கியது 15 சதவீதம்தான். உயிரைப் பறித்த பாதிப்பு என்று பார்த்தால், சுமார் கால்வாசி இதயம் சம்பந்தப்பட்டது.

காற்று போதாமல் போவது பெரும்பாலும் சிலிண்டரின் தப்பு அல்ல. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் டைவர் கூடவே இருக்கிறது. அதைப் பார்க்காமல் விட்டால்தான் இந்த நிலை. இதயப் பிரச்னையும் ஃபார்மில் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுதான். ஆக, கணிசமான மரணங்களின் ஆரம்பம், டைவர் மட்டுமே பார்க்கக்கூடிய, டைவர் மட்டுமே சொல்லக்கூடிய விஷயத்தில் இருக்கிறது.

கண்மாய் நீச்சல் தெரிஞ்சா போதாதா?

சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. எங்களுக்குக் கடல் என்றால் தொண்டி, தேவிபட்டினம், ராமேஸ்வரம். நீச்சல் என்றால் கண்மாயும் கிணறும். சின்ன வயதில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். யார் அதிக நேரம் முங்கிக் கிடக்கிறார்கள் என்பதுதான் போட்டியே.

அந்தப் பழக்கம்தான் ஸ்கூபாவில் ஆபத்து.

கண்மாயில் முங்கும்போது, கரையில் இழுத்த மூச்சோடு உள்ளே போகிறீர்கள். ஆழம் போகப் போக நுரையீரலில் உள்ள காற்று சுருங்கும். மேலே வந்ததும் பழைய அளவுக்குத் திரும்பும். அதோடு சரி. ஸ்கூபாவில் அப்படி அல்ல. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த ஆழத்தில் சிலிண்டரில் இருந்து நீங்கள் இழுக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் உள்ளே வருகிறது. அந்த மூச்சை அடக்கிக்கொண்டு பதற்றத்தில் சர்ரென்று மேலே வந்தால், நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலோ அந்த அளவுக்கு விரியாது. கிழியலாம். காற்றுக்குமிழ் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகலாம்.

அதனால்தான் ஸ்கூபாவில் முதல் விதி ‘மூச்சை அடக்காதே’. நன்றாக நீச்சல் தெரிந்தவருக்குத்தான் இது கஷ்டம். பயந்தால் மூச்சைப் பிடிப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த பழக்கம். ஆகவே “எனக்கு நீச்சல் தெரியும், பாத்துக்கலாம்” என்று இன்ஸ்ட்ரக்டர் சொல்லிக்கொடுக்கும்போது காதில் வாங்காமல் இருப்பதும் ஒரு வகைப் பொய்தான். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் பொய்.

கயிற்றைப் பிடிப்பது யார்?

‘மலை ஏறப் போனாலும் மச்சான் துணை வேண்டும்’ என்று ஒரு பழமொழி உண்டு. மலையில் தேன் எடுக்கத் தொங்குகிறவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பானாம். அக்கா தங்கச்சி தாலிக்கு ஆபத்து வரும் காரியத்தை அவன் செய்ய மாட்டான் என்ற நம்பிக்கை. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்களைப் பற்றியும் இதையே சொல்வார்கள். தூத்துக்குடி கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். காலில் கல்லைக் கட்டி, ஒரே மூச்சில் இறங்கி, சிப்பியை அள்ளிக்கொண்டு கயிற்றை அசைத்தால், மேலே படகில் இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அவர் கொஞ்சம் அசந்தாலும் கீழே இருப்பவர் கதை முடிந்தது.

அந்த ஏற்பாட்டில் இரண்டு பேருக்கும் வேலை இருந்தது என்பதைக் கவனியுங்கள். மேலே இருப்பவர் அசராமல் பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் நேரத்துக்குக் கயிற்றை அசைக்க வேண்டும். அசைக்கவே இல்லை என்றால் எவ்வளவு நல்ல மச்சானாலும் என்ன செய்ய முடியும்?

ஸ்கூபாவில் கயிறு இல்லை. பேச்சும் இல்லை. கை சைகை மட்டும்தான். என் காது வலித்தபோது அதை இன்ஸ்ட்ரக்டருக்குச் சொல்ல ஒரே வழி என் கை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’ என்று அர்த்தம். பிறகு காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். அவர் என்னை ஒரு மீட்டர் மேலே கூட்டிப்போய், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதச் சொல்லி, காது திறக்கிறதா என்று பார்த்திருப்பார். திறக்காவிட்டால் டைவை முடித்திருப்பார். அவருக்கு அந்த வாய்ப்பையே நான் கொடுக்கவில்லை. ‘ஓகே’ என்று சொன்ன ஆளை அவர் எப்படிச் சந்தேகப்படுவார்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நாம் தினமும் போனில் தட்டும் ‘லைக்’ கட்டைவிரல் இருக்கிறதே, தண்ணீருக்கடியில் அதற்கு ‘சூப்பர்’ என்று அர்த்தம் இல்லை. ‘மேலே போகலாம், டைவ் முடிந்தது’ என்று அர்த்தம். அதை எந்த நேரத்திலும், யார் வேண்டுமானாலும், எந்தக் காரணத்துக்காகவும் காட்டலாம். காரணம் கேட்கக் கூடாது என்பது டைவர்களிடையே எழுதாத சட்டம். பயமாக இருக்கிறது என்பதும் போதுமான காரணம்.

சோடா பாட்டிலும் கொடைக்கானலும்

மூன்றாவதாக ஒரு பொய் இருக்கிறது. அது டைவ் முடிந்த பிறகு வருகிறது. அதைப் பெரும்பாலும் தெரியாமலே சொல்கிறோம். “எத்தனை மணிக்கு ஃப்ளைட்?” என்று கேட்டால், “அதெல்லாம் பிரச்னை இல்லண்ணே” என்று சொல்லிவிடுவது.

லீவு குறைவு. ஹேவ்லாக்கில் காலையில் டைவ், உடனே ஃபெர்ரி, போர்ட் பிளேரில் ஃப்ளைட், சென்னையில் இறங்கி ராத்திரி ட்ரெயின், மறுநாள் ஆபீஸ். நம்மில் பலர் போடும் பிளான் இப்படித்தான்.

ஆழத்தில் மூச்சு விடும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக உடம்பில் கரைகிறது. மூடிய சோடா பாட்டிலில் கேஸ் கரைந்திருப்பது போல. மெதுவாக மேலே வந்து, தரையில் நேரம் கொடுத்தால் அது மூச்சு வழியாகவே வெளியே போய்விடும். அதற்குள் அழுத்தம் குறைந்தால், மூடியைத் திறந்த சோடா மாதிரி குமிழ் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கி, கை கால் மரத்துப்போவது, பக்கவாதம் வரை கொண்டுபோகலாம்.

விமானம் பறக்கும்போது கேபினுக்குள் அழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது. கிட்டத்தட்ட கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான் இருக்கும். எனவே ஒரு டைவ் மட்டும் செய்திருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்க வேண்டும் என்கிறது டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். டைவ் முடிந்த கையோடு மலை ஏறும் பிளானுக்கும் இதே கவனம் தேவை. உங்கள் டிக்கெட்டில் என்ன நேரம் போட்டிருக்கிறது என்று டைவ் சென்டருக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்.

அப்போ எல்லாம் நம்ம தப்புதானா?

இந்தக் கேள்வி நியாயமானது. ‘தனிப்பட்ட பொறுப்பு’ என்று பேச ஆரம்பித்தாலே, பணம் வாங்குகிறவர்கள் தப்பித்துக்கொள்ள ஒரு வழி கிடைத்துவிடுகிறது. ‘என்ன நடந்தாலும் நானே பொறுப்பு’ என்ற காகிதத்தில் நம்மிடம் கையெழுத்து வாங்குவதும் அதற்குத்தான்.

2020 நவம்பர் 1 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், லேக் மெக்டொனால்டு என்ற ஏரியில் ஒரு பயிற்சி டைவ். 18 வயது மாணவி ஒருவர் இறந்துபோனார். அவர் போட்டிருந்த டிரை சூட்டுக்குள் காற்று செலுத்தும் குழாயை இணைக்கவே முடியாத நிலை. உடம்பில் அளவுக்கு மீறிய எடை, அதுவும் சட்டெனக் கழற்றிப் போட முடியாதபடி. அந்தப் பெண்ணிடம் போய் ‘நீ கவனமாக இருந்திருக்க வேண்டும்’ என்று யாராவது சொல்ல முடியுமா? கற்றுக்கொள்ள வந்தவருக்கு எது சரி, எது தப்பு என்றே தெரியாது. அதைச் சொல்லத்தானே இன்ஸ்ட்ரக்டர்.

சிலிண்டர், ரெகுலேட்டர், படகு, ஆக்சிஜன், எத்தனை பேருக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்டர், அன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது - இவை எல்லாம் ஆபரேட்டரின் பொறுப்பு. இதில் ஒரு துளியும் வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டோம் என்பதற்காக அவர்களுடைய அலட்சியத்தைக் கேள்வியே கேட்க முடியாது என்றும் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாட்டுக்கு வழக்குப் போட வழி இருக்கிறது.

அதே நேரம், உலகத்திலேயே நேர்மையான ஆபரேட்டராக இருந்தாலும் அவருக்குத் தெரிய வழியில்லாத சில விஷயங்கள் உண்டு. நேற்று ராத்திரி நீங்கள் குடித்தீர்களா? சளிக்கு மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறீர்களா? அந்த மாத்திரையின் வேகம் தண்ணீருக்கடியில் இருக்கும்போது இறங்கிவிட்டால், மேலே வரும்போது காதில் காற்று மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு வலிக்கிறதா? பயமாக இருக்கிறதா? இதற்கெல்லாம் பதில் உங்களிடம் மட்டும்தான். நான் ‘தனிப்பட்ட பொறுப்பு’ என்று சொல்வது இந்த அளவுக்குத்தான். இதைவிடப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை.

நல்லா செஞ்சவங்களும் இருக்காங்க

2021 பிப்ரவரி 1 நினைவிருக்கிறதா? சென்னை நீலாங்கரை கடலில் சுமார் 60 அடி ஆழத்தில், பட்டு வேட்டி, பட்டுப் புடவையோடு ஒரு ஜோடி மாலை மாற்றிக்கொண்ட வீடியோ எல்லார் வாட்ஸ்அப்பிலும் வந்தது. ‘எதுக்கு இந்த வேலை’ என்று திட்டியவர்களும் உண்டு. ஆனால் அந்த வீடியோவுக்குப் பின்னால் இருந்ததைக் கொஞ்சம் பாருங்கள். மாப்பிள்ளை ஏற்கனவே பயிற்சி பெற்ற டைவர். பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாலேயே பயிற்சி எடுத்துக்கொண்டார். கடல் அமைதியாகும் வரை காத்திருந்து இறங்கினார்கள். முகூர்த்தம் என்றால் நிமிஷம் தள்ளிப்போகக் கூடாது என்று நினைக்கிற ஊரில், கடலுக்காகக் காத்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

‘நீச்சல் தெரியாதவர்களும் ஸ்கூபா செய்யலாம்’ என்ற விளம்பரம் பொய் இல்லை. இன்ஸ்ட்ரக்டர் கூடவே இருக்க, குறைந்த ஆழத்தில் செய்யும் முதல் அனுபவ டைவுக்கு அது பொருந்தும். பேடி அமைப்பின் அப்படிப்பட்ட அனுபவ டைவில் ஆழ வரம்பு 12 மீட்டர். அதன் முடிவில் கிடைக்கும் காகிதம் ஒரு ஞாபகார்த்தம் மட்டுமே, லைசென்ஸ் இல்லை. முறையான ஓப்பன் வாட்டர் கோர்ஸுக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், 10 நிமிடம் மிதக்க வேண்டும். அதற்குப் பிறகும் 18 மீட்டர்தான் வரம்பு. போன வருஷம் ஒரு தடவை செய்த டைவை வைத்து, ‘எனக்கு ஸ்கூபா தெரியும்’ என்று அடுத்த இடத்தில் சொல்வது நான்காவது பொய்.

சரி, என்ன செய்யலாம்?

டைவ் புக் பண்ணுவதற்கு முன்னால் இவற்றைச் செய்யுங்கள்:

• மெடிக்கல் ஃபார்மை முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் பொய் சொன்னதற்குக் காரணம் கெட்ட எண்ணம் இல்லை. அந்தத் தீவில் அந்த நேரத்தில் டாக்டருக்கு வழி இல்லை என்பதுதான். வீட்டில் இருக்கும்போதே ஃபார்ம் கையில் வந்தால், ‘ஆம்’ என்று போட வேண்டிய கேள்விக்கு உங்கள் ஊர் டாக்டரிடமே போய் கையெழுத்து வாங்கலாம். அவர் வேண்டாம் என்றால் அட்வான்ஸ் கட்டாமல் தப்பித்தீர்கள்.

• இன்ஸ்ட்ரக்டரின் தகுதிச் சான்று, ஒருவர் எத்தனை பேரைக் கூட்டிப்போவார், படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, அவசரம் என்றால் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எங்கே - இந்த நான்கையும் கேளுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கிற இடத்தில் இறங்க வேண்டாம்.

• சளி, காது அடைப்பு, முந்தைய நாள் மது, தூக்கமின்மை - இதில் எது இருந்தாலும் அன்றைக்கு டைவ் வேண்டாம். உடல்நலக் காரணத்துக்குத் தேதி மாற்றித் தருவார்களா என்று புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்கள்.

• ஃப்ளைட்டுக்கு முந்தைய முழு நாளைக் காலியாக விடுங்கள். டைவை டூரின் தொடக்கத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

• கோர்ஸ் முடித்தவர் என்றால், மீட்டரை நீங்களே பாருங்கள். பொதுவாக 200 பாரில் தொடங்கும் சிலிண்டர் 50 பாருக்கு வரும்போது நீங்கள் மேலே இருக்க வேண்டும்.

• குழுவாகப் போனால், ‘யார் கட்டைவிரலைக் காட்டினாலும் கிண்டல் பண்ணக் கூடாது’ என்று கரையிலேயே பேசிக்கொள்ளுங்கள். என்னை ‘ஓகே’ காட்ட வைத்தது கேமரா மட்டும் இல்லை. மேலே போனால் இவள் வருஷம் முழுக்க ஓட்டுவாளே என்ற நினைப்பும்தான்.

ஊருக்குத் திரும்பியதும் அப்பத்தாவிடம் காது வலியைச் சொன்னேன். கடலுக்கடியில் போனதற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். “வலிச்சா வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே, அதுக்கு என்ன வெக்கம்?” என்று மட்டும் கேட்டார்.

அடுத்த டிசம்பரில் மறுபடி போகப் போகிறேன். இந்த முறை கோர்ஸே எடுப்பதாக முடிவு. ஃபார்மை இப்போதே வாங்கிவிட்டேன். சைனஸ் கேள்விக்கு ‘ஆம்’ என்று போட்டாச்சு. இஎன்டி டாக்டரிடம் அடுத்த வாரம் அப்பாயின்ட்மென்ட். அவர் கையெழுத்துப் போட்டால் கடல். போடாவிட்டால், பீச்சில் உட்கார்ந்து மற்றவர்கள் பையைப் பார்த்துக்கொள்கிறேன்.